ஐடிசியா, எஸ்பிஆரா, டாக்கிங்கா: மருந்து மூலக்கூறின் பிணைப்பை எதைக் கொண்டு அளப்பது?

"புரதம் கையில் இருக்கிறது, 40 சேர்மங்கள் தயாராக இருக்கின்றன, பிணைப்பை எந்த முறையில் அளப்பது?" ஆராய்ச்சி மாணவர்களிடமிருந்து இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. வழிகாட்டி ஐடிசி (பிணைப்பின்போது வரும் வெப்பத்தை அளக்கும் முறை) போடச் சொல்லியிருப்பார். பக்கத்து ஆய்வகத்து நண்பர் எஸ்பிஆர்தான் (சிப்பில் கட்டிய புரதத்தில் சேர்மம் ஒட்டி விலகுவதைப் பார்க்கும் முறை) சரி என்பார். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரோ டாக்கிங்கில் (புரத அமைப்பில் சேர்மத்தைக் கணினியிலேயே பொருத்திப் பார்ப்பதில்) ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பார். மூவர் சொல்வதிலும் பொய்யில்லை. ஆனால் மூவரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மூலக்கூறு இனங்காணல் என்று நாம் சொல்வது, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடக்கும் கரைசலில் ஒரு புரதம் தனக்குரிய துணையை மட்டும் பிடித்துக்கொள்வதைத்தான். 1894-ல் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் என்றார். 1958-ல் டேனியல் கோஷ்லாண்ட், சாவி நுழையும்போது பூட்டும் வளைந்து கொடுக்கிறது என்றார். சிறு மூலக்கூறுகளைக் கொண்டே இந்தப் பிடிப்பை வடிவமைத்துக் காட்டியதற்காக க்ராம், லேன், பெடர்சன் மூவருக்கும் 1987-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. மருந்து வடிவமைப்பில் பெரும்பகுதி இந்தப் பிடிப்பைக் கூட்டுவதும் வேண்டாத இடத்தில் குறைப்பதும்தான். ஆகவே பிடிப்பை எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எந்தச் சேர்மத்தைச் செய்வோம் என்பதும் அமையும். தவறான முறையைத் தேர்ந்தால் ஒரு வருட வேலை தவறான திசையில் போய்விடும். அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முறைகளைப் பார்க்கும் முன் ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதிவிடுங்கள்.

முதலாவது, உங்கள் கேள்வி என்ன? ஒட்டுகிறதா இல்லையா, எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது, ஒட்டினால் எவ்வளவு நேரம் தங்குகிறது, எந்த இடத்தில் எப்படி உட்கார்கிறது: இவை நான்கும் தனித்தனிக் கேள்விகள். நான்குக்கும் பதில் தரும் ஒரே கருவி கிடையாது.

இரண்டாவது, புரதம் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது. ஜெல்லில் சுத்தமாக ஒரே பட்டையாகத் தெரிவதாலேயே அது முழுவதும் செயல்படும் புரதம் என்று ஆகிவிடாது.

மூன்றாவது, எதிர்பார்க்கும் வலிமை எந்த வரம்பில். பிரிகை மாறிலியை இனிமேல் கேடி என்றே எழுதுகிறேன். புரதத்தின் பாதி இடங்கள் நிரம்பத் தேவையான சேர்மச் செறிவு அது, சிறிதாக இருந்தால் பிணைப்பு வலுவானது. அது நானோமோலாரிலா, நூற்றுக்கணக்கான மைக்ரோமோலாரிலா என்பதைப் பொறுத்து முறையே மாறும்.

நான்காவது, சேர்மம் நீரில் எவ்வளவு கரையும். பலரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள், ஆனால் சோதனையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான்.

ஐந்தாவது, அந்த முறை எப்படி ஏமாற்றும். ஒவ்வொரு முறையும் தனக்கே உரிய விதத்தில் ஏமாற்றும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு சின்னக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும். 25 டிகிரி செல்சியஸில் பிணைப்பு ஆற்றல் மோலுக்குச் சுமார் 1.4 கிலோகலோரி மாறினால் கேடி பத்து மடங்கு மாறும். ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பு கிடைப்பதோ போவதோ அந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

## டாக்கிங்

புரதமே தேவையில்லை, அமைப்புக் கோப்பு போதும். ஆட்டோடாக் வினா போன்ற இலவச மென்பொருள் 2010-லிருந்தே இருக்கிறது, 40 சேர்மங்களை சாதாரணக் கணினியிலேயே ஒரு நாளுக்குள் ஓட்டிவிடலாம். லட்சக்கணக்கான சேர்மங்களிலிருந்து சில நூறைப் பொறுக்கி எடுக்க வேண்டுமென்றால் இதை விட மலிவான வழி இல்லை.

ஆனால் பொறுக்குவது வேறு, வரிசைப்படுத்துவது வேறு. டாக்கிங் தரும் மதிப்பெண்ணில் 2 கிலோகலோரி பிழை இருப்பது சகஜம். மேலே சொன்ன கணக்கின்படி அது கேடியில் கிட்டத்தட்ட 30 மடங்குப் பிழை. உங்கள் 40 சேர்மங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒரு மெத்தில் இங்கே ஒரு குளோரின் அங்கே என்றுதான் வேறுபடுகின்றன என்றால், அவற்றில் எது சிறந்தது என்று டாக்கிங்கிடம் கேட்பதில் பயனில்லை.

மறைமுகச் செலவு உள்ளீட்டைத் தயார் செய்வதில் இருக்கிறது. புரதத்தின் அமினோ அமிலமான ஹிஸ்டிடின் எந்த நிலையில் புரோட்டானை வைத்திருக்கிறது, சேர்மத்தின் அமைன் மின்னூட்டத்தோடு இருக்கிறதா, மருந்து உட்காரும் குழிக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளில் எதை வைத்துக்கொள்வது எதை அகற்றுவது என்று ஒவ்வொன்றும் முடிவையே புரட்டிப் போடும். எச்ஐவி வைரஸின் நொதியான எச்ஐவி புரோட்டியேஸ் நல்ல உதாரணம். அதன் மடல்களுக்கும் தடுப்பானுக்கும் நடுவில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு பாலம் போல உட்கார்ந்திருக்கும். அந்த நீரைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைத் தானே பிடிக்கும்படி வளைய யூரியா சேர்மங்களை வடிவமைத்து 1994-ல் வெளியிட்டார்கள். அந்த நீரைக் கவனிக்காமல் டாக்கிங் செய்திருந்தால் அந்த யோசனையே வந்திருக்காது.

புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் வந்த பிறகு "படிக அமைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்ற தைரியம் கூடியிருக்கிறது. புரதத்தின் மொத்த மடிப்புக்கு அது சரி. ஆனால் மருந்து உட்காரும் குழியின் பக்கச் சங்கிலிகள் ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ராம் நகர்ந்திருந்தாலே டாக்கிங் வேறு கதை சொல்லும்.

எப்போது இதுவே சரி: கையில் இன்னும் சேர்மமே இல்லை, எதை வாங்குவது எதைத் தயாரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும் என்றால். ஒரே குடும்பத்துச் சேர்மங்களைக் கணினியில்தான் வரிசைப்படுத்தியாக வேண்டும் என்றால், நல்ல படிக அமைப்பும் ஜிபியுவும் இருக்கும் பட்சத்தில், கட்டிலா ஆற்றல் (free energy) சிறுமாற்றக் கணக்கீட்டுக்குப் போங்கள், ஒரு சேர்மத்தைக் கணினியில் சிறிது சிறிதாக இன்னொன்றாக மாற்றி ஆற்றல் வித்தியாசத்தைக் கணக்கிடும் முறை அது. அது நன்றாக அமைந்தால் பிழை 1 கிலோகலோரி அருகில் நிற்கும்.

## வெப்ப நகர்வுச் சோதனை

புரதத்தோடு சைப்ரோ ஆரஞ்ச் சாயத்தைச் சேர்த்து, ரியல்டைம் பிசிஆர் இயந்திரத்தில் மெதுவாகச் சூடேற்றுவீர்கள். புரதம் அவிழும்போது உள்ளிருந்த எண்ணெய்த்தன்மை கொண்ட பகுதிகள் வெளிவரும், சாயம் அதில் ஒட்டி ஒளிரும். மருந்து ஒட்டியிருந்தால் புரதம் நிலைப்பட்டு, உருகு வெப்பநிலை மேலே நகரும்.

30 கிலோடால்டன் புரதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சோதனைத் தட்டின் ஒரு குழிக்கு 20 மைக்ரோலிட்டர், 4 மைக்ரோமோலார் என்றால் 2.4 மைக்ரோகிராம் ஆகிறது. 40 சேர்மங்களை மூன்று மூன்று தடவை போட்டாலும் 0.3 மில்லிகிராம்தான். மதியம் ஆரம்பித்தால் மாலைக்குள் முடிவு வந்துவிடும், இதற்காகப் புதிதாகக் கருவி வாங்கவும் வேண்டியிருக்காது.

பிரச்சினை என்னவென்றால், நகர்வின் அளவைப் பிணைப்பு வலிமையாகப் படித்துவிடக் கூடாது. 5 டிகிரி நகர்த்திய சேர்மம் 3 டிகிரி நகர்த்தியதை விட வலுவானது என்று எழுதிவிடுவார்கள். அந்த நகர்வில் பிணைப்பின் வெப்பப் பங்கு, புரதம் அவிழும் விதம், சேர்மத்தின் செறிவு எல்லாமே கலந்திருக்கின்றன. சேர்மமே ஒளிர்ந்தால் வரைபடம் கெட்டுவிடும். டிடர்ஜென்ட்டில் (சோப்பு போன்ற பொருளில்) கரைத்து வைத்திருக்கும் சவ்வுப் புரதம் என்றால் சாயம் டிடர்ஜென்ட்டிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே சாயமில்லாமல் டிரிப்டோஃபானின் சொந்த ஒளிர்வைப் பார்க்கும் முறைக்கு மாற வேண்டும். நகர்வே இல்லையென்றால் பிணைப்பே இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது.

ஆனாலும் முதல் வடிகட்டியாக இதை நான் எப்போதும் சொல்வேன். இன்னொரு பலனும் உண்டு: எந்த பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்), எந்த உப்பில் உங்கள் புரதம் நிம்மதியாக இருக்கிறது என்பதை இதே சோதனை காட்டிவிடும், அது அடுத்து வரும் எல்லா முறைக்கும் உதவும்.

## ஐடிசி

சமவெப்பக் கலோரிமானி. புரதம் ஒரு சின்னக் கலத்தில், சேர்மம் சிரிஞ்சில். சொட்டுச் சொட்டாக விடும்போது வெளிவரும் அல்லது உள்வாங்கும் வெப்பத்தை நேரடியாக அளக்கிறது. சாயம் ஒட்ட வேண்டாம், சிப்பில் கட்ட வேண்டாம், இரண்டு பக்கமும் கரைசலில் சுதந்திரமாக இருக்கின்றன. ஒரே ஓட்டத்தில் கேடி, எத்தனைக்கு எத்தனை என்ற விகிதம், என்தால்பி (பிணைப்பின் வெப்பப் பங்கு) மூன்றும் கிடைக்கும், கேடியையும் என்தால்பியையும் சேர்த்தால் என்ட்ரோபியும் (ஒழுங்கின்மை மாறுவதால் வரும் பங்கு) வந்துவிடும். பிணைப்பை அளப்பதில் இதை விட நேர்மையான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த விகிதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்றுக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில் 0.5 வந்தால், சேர்மத்தின் செறிவு சரியாக இருக்கும் பட்சத்தில், புரதத்தில் பாதிதான் வேலை செய்கிறது என்று பொருள். வேறெந்த முறையும் இதை இவ்வளவு நேராக முகத்துக்கு நேரே சொல்லாது.

செலவு புரதத்தில். 200 மைக்ரோலிட்டர் கலம் கொண்ட கருவியில் 20 மைக்ரோமோலார் புரதம் என்றால், நிரப்பும்போது வீணாவதையும் சேர்த்து ஒரு ஓட்டத்துக்கு 0.2 மில்லிகிராம் அருகில் போகும். கலம் 1.4 மில்லிலிட்டர் உள்ள பழைய கருவி என்றால் ஒரு மில்லிகிராமைத் தாண்டும். புரதச் செறிவைக் கேடியால் வகுத்தால் வரும் எண் சுமாராக 10-க்கும் சில நூறுக்கும் நடுவில் இருந்தால்தான் வளைவு நல்ல எஸ் வடிவத்தில் வரும். கேடி 20 மைக்ரோமோலார் உள்ள பலவீனமான சேர்மத்துக்கு அப்படிப் பார்த்தால் 200 மைக்ரோமோலார் புரதம் வேண்டும், சிரிஞ்சில் சேர்மம் அதை விடப் பத்து மடங்கு, அதாவது 2 மில்லிமோலார். உங்கள் சேர்மம் அவ்வளவு கரையுமா? மறுபக்கம், கேடி 1 நானோமோலாருக்குக் கீழே போய்விட்டால் வளைவு சுவர் போல செங்குத்தாக நிற்கும், என்தால்பி கிடைக்கும், கேடி கிடைக்காது. அங்கே பலவீனமான ஒன்றை முதலில் ஒட்டவைத்து, வலுவானதால் அதைத் தள்ளும் போட்டிச் சோதனைதான் வழி.

சேர்மங்களைக் கரைத்து வைக்கும் கரைப்பானான டிஎம்எஸ்ஓ விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் முதல் ஐடிசி வாரத்தை முழுக்க விழுங்கியது அதுதான். சிரிஞ்சில் 2 சதவீதம், கலத்தில் 1.8 சதவீதம் என்று இருந்தால்கூட, அந்தச் சின்ன வித்தியாசம் கரையும் வெப்பமே பிணைப்பின் வெப்பத்தை மூழ்கடித்துவிடும். புரதத்தை டயாலிசிஸ் செய்த அதே பஃபரில் சேர்மத்தைக் கரையுங்கள், டிஎம்எஸ்ஓவை இரண்டு பக்கமும் கையால் ஒரே அளவு சேருங்கள்.

பஃபரும் வெப்பம் தரும். பிணைப்பின்போது புரோட்டான் இடம் மாறினால், ட்ரிஸ் பஃபரில் மோலுக்கு சுமார் 11 கிலோகலோரி கூடுதலாகக் கலக்கும், பாஸ்பேட்டில் 1-க்கும் குறைவு. ஆகவே என்தால்பியைப் பற்றி ஏதாவது வாதம் செய்யப் போகிறீர்கள் என்றால் இரண்டு பஃபரிலும் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

வாதம் செய்யத்தான் வேண்டுமா? எச்ஐவி புரோட்டியேஸ் தடுப்பான்களில் முதல் தலைமுறை பெரும்பாலும் என்ட்ரோபியால் ஒட்டியது, பின்னால் வந்த டாருனாவிர் வலுவான என்தால்பியோடு ஒட்டியது. அந்த ஒப்பீடு அழகானது, நிறையக் கற்றுத் தருவது. ஆனால் ஒவ்வொரு திட்டத்திலும் என்தால்பியைத் துரத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறைந்து கணக்கு சமமாகிவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

எப்போது இதுவே சரி: ஐந்தாறு முக்கியமான சேர்மங்கள், ஏராளமான நல்ல புரதம், எழுதப்போகும் கட்டுரையில் யாரும் கேள்வி கேட்க முடியாத கேடி வேண்டும் என்றால்.

## எஸ்பிஆர்

மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு. புரதத்தைத் தங்கப் படலம் பூசிய சிப்பில் கட்டிவைத்து, மேலே சேர்மக் கரைசலை ஓடவிட்டு, ஒட்டுவதையும் விலகுவதையும் நொடிக்கு நொடி பார்ப்பது. பயாகோர் கருவிகள் 1990-ல் சந்தைக்கு வந்தன, இன்றைக்கு மருந்து நிறுவனங்களில் அன்றாட வேலைக்குப் பயன்படுவது பெரும்பாலும் இந்த வகைதான்.

இதன் பெரிய வரம் நேரம். இரண்டு சேர்மங்கள், இரண்டுக்கும் கேடி 10 நானோமோலார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வேகமாக ஒட்டி வேகமாக விலகுகிறது, அதன் விலகு வேகம் நொடிக்கு 0.01. சராசரியாக 100 நொடி தங்கும். இன்னொன்று மெதுவாக ஒட்டி மெதுவாக விலகுகிறது, நொடிக்கு 0.0001. அது 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் தங்கும். ஐடிசிக்கு இரண்டும் ஒன்றே. உடலில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிய பிறகும் இரண்டாவது தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஈஜிஎஃப்ஆர் என்ற இலக்குப் புரதத்தில் லாபாட்டினிப் என்ற மருந்து பாதி விலக சுமார் 300 நிமிடம் ஆகிறது, எர்லோட்டினிப் என்ற இன்னொரு மருந்துக்கு 10 நிமிடத்துக்கும் குறைவு. இந்தத் தங்கும் நேரத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று ஆய்வாளர் கோப்லாண்டும் உடனிருந்தவர்களும் 2006-ல் எழுதிய பிறகு இது ஒரு தனிப் பேச்சாகவே ஆகிவிட்டது.

புரதச் செலவும் மிகக் குறைவு, சிப்பில் கட்ட சில மைக்ரோகிராம் போதும். ஆனால் கட்டுவதில்தான் மறைமுகச் செலவு முழுவதும். அமைன் வழியாகக் கட்டினால் பஃபரின் பிஎச்சை 5-க்கு அருகிலோ அதற்குக் கீழேயோ இறக்க வேண்டியிருக்கும், அதில் உங்கள் புரதம் தாங்குமா? கட்டும் லைசின் மருந்துக் குழியின் வாசலிலேயே இருந்தால்? ஹிஸ் டேக் (புரதத்தின் முனையில் சேர்த்த ஹிஸ்டிடின் வரிசை) வழியாகப் பிடித்தால் புரதம் மெல்லக் கழன்று அடிக்கோடு சரியும். பயோட்டின் டேக் வைத்து ஸ்ட்ரெப்டாவிடின் சிப்பில் பிடிப்பது என் விருப்பம், ஆனால் அதற்கு டேக்கைக் குளோன் செய்யும்போதே யோசித்திருக்க வேண்டும்.

சமிக்ஞைக் கணக்கையும் போடுங்கள். 30 கிலோடால்டன் புரதம் 3,000 அலகு (கருவி காட்டும் சமிக்ஞையின் அலகு) கட்டியிருக்கிறீர்கள், சேர்மம் 400 டால்டன். அதிகபட்சம் கிடைக்கக்கூடியது 40 அலகு. புரதத்தில் பாதிதான் உயிரோடு இருந்தால் 20. வரைபடத்தில் 150 அலகு ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், சேர்மம் திரண்டுபோய் எல்லா இடத்திலும் அப்பிக்கொண்டிருக்கிறது. டிஎம்எஸ்ஓ இங்கேயும் வில்லன், ஒளிவிலகலை மாற்றும். அதற்கென்று திருத்தக் கரைசல்களை ஓட்டாமல் சிறு மூலக்கூறு முடிவுகளை நம்பக் கூடாது.

எப்போது இதுவே சரி: பல சேர்மங்கள், குறைவான புரதம், தங்கும் நேரம் முக்கியம் என்றால். சோதனையை நிலைநிறுத்த ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அப்புறம் 40 சேர்மங்கள் சில நாளில் முடியும்.

## படிக அமைப்பு

எக்ஸ்ரே படிகவியல் கேடி தராது, படம் தரும். ஆனால் "அடுத்து எந்த அணுவை மாற்றுவது" என்ற கேள்விக்கு இதற்கு ஈடு வேறில்லை. புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் ஏன் ஏபிஎல் கைனேஸ் என்ற நொதியை அவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது, ஒத்த வடிவமுள்ள எஸ்ஆர்சி கைனேஸை ஏன் விட்டுவிடுகிறது என்ற கேள்விக்கு, 2000-ல் வந்த அமைப்பு, அது ஏபிஎல்லின் செயலற்ற வடிவத்தைப் போய்ப் பிடிப்பதைக் காட்டி ஒரு பெரிய துப்பைக் கொடுத்தது. கோஷ்லாண்ட் சொன்ன வளையும் பூட்டு கண்முன்னே தெரிந்தது.

சிறு துண்டு மூலக்கூறுகளிலிருந்து மருந்தை வளர்த்தெடுக்கும் துண்டு வழி வடிவமைப்புக்கும் இது அல்லது என்எம்ஆர்தான் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அடித்தளம். 1996-ல் எஃப்கேபிபி புரதத்தில் 2 மைக்ரோமோலார் ஒன்றும் 100 மைக்ரோமோலார் ஒன்றுமாக இரண்டு துண்டுகளை என்எம்ஆரில் கண்டுபிடித்து, இணைத்து, 19 நானோமோலார் சேர்மம் எடுத்தார்கள். 2011-ல் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் இந்தத் துண்டு வழியில் வந்த முதல் மருந்து.

மறைமுகச் செலவு காத்திருப்பு. படிகம் வர ஒரு வாரமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். வந்தாலும் பக்கத்துப் புரதம் குழியை அடைத்துக்கொண்டு நிற்கலாம். படத்தில் சேர்மம் தெரிவதால் அது வலுவானது என்றும் ஆகாது, ஊறவைக்கும்போது போட்ட அதிகச் செறிவில் பலவீனமானதும் போய் உட்கார்ந்துவிடும்.

## ஒரே பார்வையில்

கீழே உள்ளது 30 கிலோடால்டன் புரதம், 40 சேர்மங்கள் என்று வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு.

| முறை | எந்தக் கேள்விக்கு | புரதம் | காலம் | எங்கே ஏமாற்றும் |
|---|---|---|---|---|
| டாக்கிங் | எதைச் செய்து பார்க்கலாம் | வேண்டாம் | ஒரு நாள் | மதிப்பெண்ணை வலிமை என்று நம்பினால் |
| வெப்ப நகர்வு | ஒட்டுகிறதா | 0.3 மி.கி. | அரை நாள் | ஒளிரும் சேர்மம், டிடர்ஜென்ட் |
| ஐடிசி | எவ்வளவு வலுவாக, ஏன் | 40-ஐயும் ஒரு தடவை ஓட்டவே 8 மி.கி. | இரண்டு, மூன்று வாரம் | டிஎம்எஸ்ஓ, பஃபர் வெப்பம் |
| எஸ்பிஆர் | எவ்வளவு நேரம் | பத்துக்கணக்கான மைக்ரோகிராம் | தயாரிப்பையும் சேர்த்து இரண்டு, மூன்று வாரம் | கட்டும் விதம், திரளும் சேர்மம் |
| படிகம் | எங்கே, எப்படி | பல மி.கி. | கணிக்க முடியாது | தெரிவதெல்லாம் வலுவானது என்று நினைத்தால் |

## சரி, நான் எதை எடுப்பேன்

40 சேர்மங்களும் 2 மில்லிகிராம் புரதமும் இருந்தால், வெப்ப நகர்வில் வடிகட்டி, மிஞ்சும் பத்துப் பன்னிரண்டை எஸ்பிஆருக்கு எடுத்துப் போய், அதில் தேறும் இரண்டை மட்டும் ஐடிசியில் உறுதி செய்வேன். எதைச் செய்தாலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகளில் ஒத்துவராத சேர்மத்தை வைத்து அடுத்த தலைமுறைச் சேர்மங்களைத் தயாரிக்க இறங்க மாட்டேன்.

நொதித் தடுப்புச் சோதனை மட்டும் செய்துவிட்டு ஐசி50 (நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கும் சேர்மச் செறிவு) கையில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். சோதனையில் போட்ட நொதியின் செறிவில் பாதிக்குக் கீழே ஐசி50 போகவே முடியாது, ஆகவே எல்லா நல்ல சேர்மங்களும் ஒரே எண்ணில் வந்து நின்றால் நொதியைக் குறைத்துப் பாருங்கள். அப்புறம் அதே சோதனையை 0.01 சதவீத டிரைட்டன் என்ற டிடர்ஜென்ட் சேர்த்துத் திரும்பப் போடுங்கள். தடுப்பு காணாமல் போனால் அது பெரும்பாலும் கரைசலில் திரண்ட உருண்டைகள் நொதியை விழுங்கியதால் வந்தது.

ஒரு கருவியும் பழக்கமில்லை, எதில் தொடங்கினாலும் பயமாக இருக்கிறது என்பவர்கள், சொந்தப் புரதத்தைத் தொடும் முன் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் 2 என்ற நொதியை வாங்கி, அதன் தடுப்பானான அசெட்டசோலமைடோடு ஐடிசியில் ஓட்டிப் பாருங்கள். சுலபமாகக் கிடைக்கும் புரதம், 29 கிலோடால்டன், பலரும் அளந்து வெளியிட்ட ஜோடி. அதில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று வந்து, கேடி வெளியான எண்களுக்குப் பக்கத்தில் நின்றால் உங்கள் கையும் கருவியும் சரி. அதன் பிறகு உங்கள் புரதத்தில் விசித்திரமாக ஏதாவது வந்தால், சந்தேகத்தைப் புரதத்தின் மேலோ சேர்மத்தின் மேலோ வைத்துத் தேட ஆரம்பிக்கலாம்.